நகைக்கடன் ரிவ்யூ: மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கம்பெனி, ஒரு பேங்க், ஒரு சொசைட்டி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தால் டீக்கடையை விட நகைக்கடன் போர்டுதான் அதிகமோ என்று தோன்றும். மலையாள நடிகர்கள் சிரிக்கிற போர்டு, ஐந்தே நிமிடத்தில் பணம் என்கிற போர்டு, இன்றைக்கு கிராமுக்கு இவ்வளவு என்று தினமும் மாற்றி எழுதுகிற போர்டு, அப்புறம் நடுவில் சின்னதாக ‘அடகு நகையை மீட்டு விற்றுத் தரப்படும்’ என்கிற போர்டு. எந்த ஹோட்டலில் பீஃப் நல்லா இருக்கும், எந்தக் கடையில் செருப்பு மலிவு என்றெல்லாம் ரிவ்யூ எழுதுகிறோம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறையப் பேர் வருஷத்தில் ஒரு தடவையாவது ஏறி இறங்குகிற, நகையை அடகு வைக்கிற பணயக் கவுண்டரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வெட்கம்தான் காரணம். பணயம் வைத்தது வெளியே தெரியக் கூடாது, அதனால் ஏமாந்ததும் வெளியே தெரியாது.

என் சித்தியின் நகைகளை ஒரு தனியார் கம்பெனியில் இருந்து எடுத்து, பெரும்பகுதியை அரசு பேங்கிலும் மீதியை ஊர் கூட்டுறவு சொசைட்டியிலும் மாற்றி வைக்க நான்தான் கூடவே அலைந்தேன். மூன்று இடத்தின் பெயரையும் போடவில்லை, கேட்காதீர்கள். பெயர் முக்கியமும் இல்லை. ஏனென்றால் இதே அனுபவம் அடுத்த தெருவில் வேறு போர்டுக்கு அடியிலும் கிடைக்கும்.

முதலிலேயே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பணயம் வைக்கிற நாளில் எல்லா கவுண்டரும் இனிக்கும். ஏசி, நாற்காலி, தண்ணீர், அம்மா அம்மா என்கிற மரியாதை. ஒரு கவுண்டர் நல்லதா கெட்டதா என்பது நகையை எடுக்கப் போகிற நாளிலும், வட்டி கட்ட முடியாமல் போன மாதத்திலும்தான் தெரியும். அதனால் இந்த ரிவ்யூவில் வேகத்துக்கு மார்க் இல்லை.

கம்பெனி

வேகம் பற்றி ஒரே வரி: உண்மைதான், சீக்கிரம் கிடைக்கிறது. ஆதாரைக் கொடுத்து, நகையைக் கழற்றிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டால் அக்கவுண்டில் பணம். 20,000 ரூபாய்க்கு மேல் கடனை இந்தக் கம்பெனிகள் ரொக்கமாகத் தரக் கூடாது என்பது வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கிறது, 2024 மே மாதம் ரிசர்வ் வங்கி அதை நகைக்கடன் கம்பெனிகளுக்கு மறுபடி நினைவூட்டவும் செய்தது. அதனால் யாராவது ஒரு லட்சத்தைக் கட்டாக எடுத்து நீட்டினால் அங்கேயே கொஞ்சம் உஷாராகிக்கொள்ளுங்கள்.

சித்திக்குச் சொல்லப்பட்ட வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். “மக்கா, ஒரு ரூவா வட்டின்னுதான் சொன்னான், பேங்குலயும் அவ்வளவுதானே வரும்” என்று அவர் என்னிடம் சொன்னபோது நானும் சரி, ஆண்டுக்கு 12 சதவீதம், அநியாயம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். ரசீதின் பின்பக்கத்தைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த ஸ்கீமின் வட்டி 24 சதவீதம். 12 என்பது வட்டி இல்லை, தள்ளுபடி. மாதா மாதம் தேதி தவறாமல் கட்டினால் பாதியைத் தள்ளிக் கொடுப்பார்கள். 90 நாள் கட்டாமல் விட்டால் தள்ளுபடி போச்சு, பழைய நாளில் இருந்தே 24 கணக்கு. போர்டில் இருப்பது தள்ளுபடிக்கு அப்புறம் வரும் விலை, பில்லில் வருவது அசல் விலை. துணிக்கடையில்கூட இரண்டையும் ஒரே அட்டையில் எழுதி வைக்கிறார்கள்.

ஒரு லட்சத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வருஷம் தவறாமல் கட்டினால் வட்டி 12,000. கட்டாமல் விட்டு, 24 சதவீதம் வெறும் வட்டியாகவே போட்டாலும் 24,000. அதையே மாதம் 2 சதவீதம் வட்டிக்கு வட்டி என்று போட்டால் 26,824. ஒரே நகை, ஒரே கவுண்டர், ஒரே ஒரு ரூபாய் பேச்சு. 12-க்கும் 26-க்கும் நடுவில் இருப்பது மழை பெய்ததா இல்லையா என்பதுதான்.

மழை என்று சும்மா சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற மாசி, பங்குனியில் கூலி இல்லை. அப்புறம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்தால் மழைக்கவசம் போடாத தோட்டத்தில் மறுபடியும் வெட்டு இல்லை. குளச்சல் பக்கம் விசைப்படகுக்காரர்களுக்கு ஜூன், ஜூலை தடைக்காலம், சின்னமுட்டம் பக்கம் அது ஏப்ரல் பாதியில் இருந்து ஜூன் பாதி வரை. ஸ்கூல் திறப்பதும் இதே நேரம்தான். ஆக, நம்மூரில் மாதச் சம்பளம் இல்லாத வீடுகள் எல்லாம் பணயம் வைப்பது வருமானம் இல்லாத மாதத்தில். 12 மாதக் கடன் என்றால் தவணை முடிவதும் அடுத்த வருஷம் அதே வருமானம் இல்லாத மாதத்தில்! இதை யாரும் யோசிப்பதில்லை, கவுண்டரில் இருப்பவர் யோசிக்கச் சொல்லவும் மாட்டார். ஜூனில் வைத்தவர்கள் முடிந்தால் வேலை ஓடுகிற அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக் குறைத்துவிட வேண்டும். ஜூனில் முழுசாகக் கட்டலாம் என்று காத்திருந்தால் ஜூனில் கட்டப் பணம் இருக்காது, திருப்பி வைப்பதுதான் நடக்கும்.

திருப்பி வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கம்பெனிக்கு நான் மார்க் குறைத்த முக்கியமான இடம் இதுதான். “கையில் காசு இல்லையா, பரவாயில்லை அம்மா, வட்டியை அசலோடு சேர்த்துப் புதுசாக வைத்துக்கொள்ளலாம், தங்கம் விலை ஏறியிருக்கு, கையில்கூட கொஞ்சம் கிடைக்கும்” என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார்கள். உதவி மாதிரிதான் இருக்கும். ஒரு லட்சம் என்று வைத்த கடன் ஒன்றேகால் லட்சமாகிவிடும், அடுத்த வருஷ வட்டி அந்த ஒன்றேகாலுக்கு ஓடும். ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று தங்க, வெள்ளிக் கடன்களுக்கு ஒரே விதித்தொகுப்பு வெளியிட்டது, 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாரும் அதன்படி நடக்க வேண்டும் என்று கெடு. அதில் அசலும் வட்டியும் கடைசியில் ஒன்றாகக் கட்டுகிற கடனைப் புதுப்பிக்க வேண்டுமானால் அதுவரை ஏறிய வட்டியைக் கட்டியாக வேண்டும் என்று இருக்கிறது. பலர் இதைக் கெடுபிடி என்று திட்டுகிறார்கள். சித்தியின் ரசீதுகளை வரிசையாக வைத்துப் பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதே விதிகளில் இன்னொன்று, கிராமுக்கு அதிகம் தருகிறோம் என்கிற போர்டைப் பார்த்து ஓடுகிறவர்களுக்கு. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை, இரண்டரைக்கு மேல் 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்பது உச்சவரம்பு. கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற கடன் என்றால் அந்த 85-க்குள் வட்டியும் அடங்க வேண்டும். ஒரு லட்சம் மதிப்புள்ள நகைக்கு 9 சதவீத வட்டி வாங்குகிறவர் ஏறக்குறைய 78,000 தரலாம், 24 சதவீதம் வாங்குகிறவர் 68,500-க்கு மேல் தர முடியாது. வட்டி கூடினால் கைக்கு வருவது குறையும். இதை எந்த நடிகரும் போர்டில் சிரித்துக்கொண்டே சொல்ல மாட்டார்.

இனி முக்கிய விவர அறிக்கை என்கிற தாள். 2024 அக்டோபர் 1-க்கு அப்புறம் தருகிற எல்லா சில்லறைக் கடனுக்கும் இதைக் கொடுத்தே ஆக வேண்டும்: அசல், வட்டி, பிராசஸிங், நகையை மதிப்பிடுகிற அப்ரைசருக்கான கட்டணம், இன்சூரன்ஸ், எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் விழுகிறது, தவறினால் என்ன அபராதம், புகாருக்கு யார், எல்லாம் ஒரே தாளில், கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கக் கூடாது. சித்திக்கும் கொடுத்திருந்தார்கள், கையெழுத்துப் போடுகிற கட்டுக்கு நடுவில், இங்கிலீஷில், எறும்பு எழுத்தில். தமிழில் வேண்டும் என்று நான் கேட்டதற்கு கவுண்டரில் இருந்த பையன் “சிஸ்டத்துல தமிழ் வராது சார்” என்றான். அப்படியென்றால் தமிழில் தர இயலாது என்று எழுதி சீல் வைத்துத் தாருங்கள் என்றேன். மானேஜர் உள்ளே இருந்து எழுந்து வந்தார், ஒரு பட்டனைத் தட்டினார், பிரிண்டரில் இருந்து சூடாகத் தமிழ்த் தாள் வந்தது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

எடை போட்டது பற்றியும் சொல்ல வேண்டும். கல் நெக்லஸில் கல்லுக்கும், உள்ளே இருக்கிற அரக்குக்கும் எடை கழிப்பார்கள், அது நியாயம்தான். எவ்வளவு கழித்தார்கள் என்பதில்தான் ஆட்டம். கம்பெனியில் கழித்ததற்கும் பேங்கில் கழித்ததற்கும் கிட்டத்தட்ட ஒரு கிராம் வித்தியாசம் வந்தது. அப்புறம் பழைய நகை எல்லாம் 22 கேரட் இருக்காது. 20 கேரட்டில் 22 கிராம் இருந்தால் அதை 22 கேரட்டுக்கு மாற்றி 20 கிராம் என்று எடுத்துக்கொள்வார்கள், இதுவும் சரியான கணக்குதான், அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். சோதிக்கும்போது நாம் எதிரில் இருக்க வேண்டும், மொத்த எடை, கழிவு, நிகர எடை, கேரட், மதிப்பு எல்லாம் எழுதிய சான்று ஒன்று கையில் தர வேண்டும். நகையை உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் விடாதீர்கள். 2024 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போட்டு, வாடிக்கையாளர் இல்லாமல் மதிப்புப் போடுவது, ஏலத்தில் வெளிப்படை இல்லாதது என்று நிறுவனங்களின் கோளாறுகளை வரிசையாகச் சொல்லியிருந்தது. அங்கே போகிற நமக்குத்தான் அது தெரியவில்லை.

எடுக்கப் போன நாள். பணத்தைக் கட்டி முடித்ததும் “ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வரணும், ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்றார்கள். பணம் வாங்க எந்த அப்ரூவலும் வேண்டியிருக்கவில்லை. முழுப் பணமும் கட்டினால் அன்றைக்கே, அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும், அவர்கள் பக்கத் தாமதம் என்றால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது விதி என்று சொன்னேன். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். சாயங்காலமே போன் வந்தது. பாக்கெட்டை வாங்கியதும் அங்கேயே பிரித்து, ரசீதோடு ஒத்துப் பார்த்து, எடையும் போடச் சொன்னோம். முகத்தைச் சுளித்தார்கள், போட்டார்கள். எடை சரியாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். சித்திக்குத்தான் சங்கடம்: “ஏன் பிள்ளே அந்த மனுசனை இப்படிப் போட்டு படுத்துற?”

நல்லதாக ஒன்று சொல்லவா? சனிக்கிழமை, சாயங்காலம் என்று பார்க்காமல் திறந்திருக்கிறார்கள். நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் காலையில் முதலில் கதவு திறப்பது இவர்கள்தான். அதற்காக மட்டும் போகலாம், போய்விட்டு ஒரு மாதத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

பேங்க்

நாகர்கோவில் போகிற வழியில் உள்ள ஒரு அரசு பேங்க் கிளை. வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், தள்ளுபடி நாடகம் இல்லை. ஒரு லட்சத்துக்கு வருஷத்துக்கு 9,000, அதோடு அப்ரைசர், பிராசஸிங் என்று சில நூறு ரூபாய். கணக்கு அவ்வளவுதான், அதனால்தான் இந்தப் பகுதி சின்னதாக இருக்கும்.

பொறுமைதான் விலை. அப்ரைசர் முழுநேரம் உட்கார்ந்திருக்க மாட்டார், ஒரு நேரம் வைத்து வருவார். அவர் வந்தால் மானேஜர் மீட்டிங்கில் இருப்பார், மானேஜர் வந்தால் லாக்கர் சாவி வைத்திருக்கிற இன்னொருவர் சாப்பிடப் போயிருப்பார். சித்தி மாதிரி அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இது நிஜமான செலவு. ஒரு நாள் கூலி போனதையும் வட்டியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், பார்த்தாலும் பேங்க்தான் ஜெயிக்கிறது. அப்ரைசர் உரைகல்லில் உரசி, ஆசிட் துளி விட்டு, ஒவ்வொரு உருப்படியையும் சித்திக்குக் காட்டி, இது காப்பு, இவ்வளவு எடை, இது சங்கிலி, கொக்கி மட்டும் தங்கம் கம்மி என்று சொல்லிச் சொல்லி எழுதினார். கொக்கியில் கலப்படம் இருப்பது இத்தனை வருஷத்தில் சித்திக்கு அன்றைக்குத்தான் தெரியும். நகை வாங்கிய கோட்டாற்றுக் கடைக்காரருக்கு அன்று முழுக்க சாபம்.

குறை இரண்டு. கடனோடு ஒரு இன்சூரன்ஸைச் சேர்த்துக் கட்டப் பார்த்தார்கள், கட்டாயம் என்றார் கிளார்க். கட்டாயம் என்று விவர அறிக்கையில் எழுதித் தருவீர்களா என்றதும் கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. இரண்டாவது, தவணை நினைவூட்டல் எஸ்எம்எஸ் எல்லாம் இங்கிலீஷில் வருகிறது. சித்தி அதை லாட்டரி மெசேஜ் என்று நினைத்து அழித்துவிடுகிறார். பேங்க் என்றால் நம்பிக்கை, அதனால் யாரும் எதையும் கேட்பதில்லை, கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை. 1938-ல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் விழுந்த காலத்தில் நம்ம பகுதி திருவிதாங்கூரில்தான் இருந்தது. பேங்கை நம்பாமல் எல்லாவற்றையும் தங்கமாக வாங்கி வைக்கிற நம்ம ஊர்ப் பழக்கத்துக்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்பது என் சொந்த ஊகம். அந்தத் தங்கத்தையே கொண்டுபோய் இப்போது பேங்கில் வைக்கிறோம் என்பது வேறு கதை.

பேங்கில் வைக்கும்போது நாங்கள் செய்த ஒரு காரியம் நன்றாக வேலை செய்தது. எல்லா நகையையும் ஒரே கடனாக வைக்காமல் காப்பு ஒரு கடன், சங்கிலி ஒரு கடன் என்று பிரித்து வைத்தோம். கட்டணம் இரண்டு தடவை, சரி. ஆனால் கையில் 40,000 சேர்ந்தால் ஒரு உருப்படியை முழுசாக எடுத்துவிடலாம். ஒரே கடன் என்றால் கடைசி ரூபாய் வரை எல்லாம் உள்ளேயேதான் கிடக்கும்.

கம்பெனியில் இருந்து பேங்குக்கு மாற்றுவது எப்படி, நகையை எடுக்கவே பணம் வேண்டுமே என்று கேட்பீர்கள். மீட்டுத் தருகிறோம் என்கிற ஆட்கள் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்து அதற்கு ஒரு கமிஷன் வாங்குகிறார்கள், அவர்கள் எடையில் என்ன செய்வார்கள் என்பது தனிப் பயம். சித்தியின் நகை கம்பெனியில் இரண்டு ரசீதில் இருந்தது நல்லதாகப் போயிற்று. சிறிய ரசீதைக் கையில் இருந்த சிட்டி (சீட்டு)ப் பணத்தில் எடுத்தோம், அதைப் பேங்கில் வைத்தோம், தங்கம் விலை ஏறியிருந்ததால் கூடவே கிடைத்தது, அந்தப் பணத்தோடு மீதிச் சிட்டிப் பணத்தையும் போட்டுப் பெரிய ரசீதை எடுத்தோம். நடுவில் யாருக்கும் கமிஷன் இல்லை.

சொசைட்டி

கல் நெக்லஸ் மட்டும் இங்கே. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று போர்டு, ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வட்டி பேங்குக்குப் பக்கத்தில்தான், நடக்கிற தூரம், உள்ளே இருப்பவருக்குச் சித்தப்பாவைத் தெரியும். தவணை வந்தால் எஸ்எம்எஸ் இல்லை, ரோட்டில் பார்க்கும்போது “அண்ணாச்சி, உங்க நகைக்குத் தேதி வருது” என்று சொல்வார்கள். நான் பார்த்ததிலேயே சிறந்த நினைவூட்டல் சேவை இதுதான். கெட்டது, கேட்கிற நாளில் பணம் இருக்கும் என்று உறுதி இல்லை, அப்புறம் யார் என்ன வைத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

அரசின் கடன் தள்ளுபடிக்காகக் காத்திருக்கிறவர்கள் இங்கே அதிகம். 2021-ல் கூட்டுறவில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது, 2021 மார்ச் 31 வரை நிலுவையில் இருந்த கடன்களுக்கு, குடும்பத்துக்கு மொத்தம் 40 கிராம் என்கிற நிபந்தனையோடு. அதில் இருந்து தேர்தல் பேச்சு வந்தாலே வட்டி கட்டுவதை நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். தள்ளுபடி வந்தால் நல்லது, வராவிட்டால் அபராதத்தையும் சேர்த்து நாம்தானே கட்ட வேண்டும். அதை நம்பி வட்டியை நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புகார் சொல்ல எங்கே போவது என்பதும் ரிவ்யூவில் ஒரு பகுதிதானே, வாங்கின சாமான் கெட்டுப்போனால் யார் மாற்றித் தருவார்கள் என்பது மாதிரி. பேங்க், பெரிய நகைக்கடன் கம்பெனி என்றால் முதலில் அவர்களிடம் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், சிஎம்எஸ் என்கிற அதன் புகார் இணையதளத்தில் போடலாம், 14448-க்குக் கூப்பிட்டு எப்படி என்று கேட்கலாம். காசு செலவு இல்லை, வக்கீல் வேண்டாம். நேரடியாக முதலிலேயே அங்கே போட்டால் தள்ளிவிடுவார்கள், அந்த 30 நாள் படி முக்கியம். சொசைட்டி மேல் என்றால் கூட்டுறவுத் துறை இணைப் பதிவாளர். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

தெருவோர அடகுக்கடை வேறு வகை. அவர்கள் 1943-ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டத்தின் கீழ், தாசில்தார் கொடுக்கிற லைசென்ஸில் நடத்துகிறார்கள். ரிசர்வ் வங்கிக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, மேலே சொன்ன 5,000 ரூபாய் விதியை அங்கே போய்ப் பேசினால் சிரிப்பார்கள். லைசென்ஸ் சுவரில் மாட்டியிருக்கிறதா, ரசீதில் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதே இல்லாத பிளேடுகாரரை, அதாவது கந்து வட்டிக்காரரைப் பற்றி என்ன ரிவ்யூ எழுத? கந்து வட்டிக்கு 2003 சட்டம் இருக்கிறது, மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் தமிழகத்தில் புதுச் சட்டமும் வந்திருக்கிறது. ராத்திரி வீட்டு வாசலில் வந்து கத்தினால் போலீசுக்குப் போகலாம்.

ஏலம் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். பேங்கோ கம்பெனியோ நோட்டீஸ் கொடுத்து, பத்திரிகையில் விளம்பரம் செய்து, ஒரு ஆரம்ப விலை வைத்துத்தான் விட வேண்டும். அந்த விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, இரண்டு தடவை யாரும் எடுக்காவிட்டால் மட்டும் 85. கடன் போக மிச்சம் வந்தால் 7 வேலை நாளில் நமக்குத் திருப்பித் தர வேண்டும். பக்கத்து வீட்டில் ஒருவருக்கு நகை ஏலத்தில் போனது. மிச்சம் வரும் என்றே அவருக்குத் தெரியாது, நகை போச்சு, கதை முடிஞ்சு போச்சு என்று இருந்தார். தங்கம் இந்த விலை ஏறின காலத்தில் மிச்சம் வராமல் இருப்பதுதான் அபூர்வம். போய்க் கணக்குக் கேட்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், கேட்டுக்கொண்டிருக்கிறார். வீடு மாறினாலோ போன் நம்பர் மாறினாலோ கடன் கொடுத்த இடத்தில் மறக்காமல் சொல்லிவிடுங்கள், அவருக்கு நோட்டீஸ் போனது பழைய வீட்டுக்கு.

மார்க்: கம்பெனிக்கு 5-க்கு 2, அந்த 2-ம் திறந்திருக்கிற நேரத்துக்கும், எடை குறையாததுக்கும். பேங்குக்கு மூன்றரை, எஸ்எம்எஸ் தமிழில் வந்தால் நான்காக்குகிறேன். சொசைட்டிக்கு 3, அவசரம் இல்லாதவர்களுக்கு மட்டும்.

பேங்குக்குப் போகிறவர்கள் ஆதார், பான், பாஸ்புக், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள், முதல் நாளே போன் போட்டு அப்ரைசர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டுவிடுங்கள். இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை லீவு.